அம்மாவைக் கூட்டிக்கொண்டு நுவரெலியா: கொழும்பிலிருந்து முதல்தடவை போகும் மகள்களுக்கு

கொழும்பில் நுவரெலியாப் பயணம் என்றால் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் நடக்கும். ஒரு வான் பிடித்து, குடும்பம் முழுக்க அதற்குள் அடைந்து, விடியப்புறம் மூன்று மணிக்குக் கிளம்பி, போகிற வழியில் எல்லாவற்றையும் பார்த்து முடித்து, அடுத்தநாள் நள்ளிரவில் அரைத்தூக்கத்தில் வீட்டுக்கு வந்து விழுவார்கள். அம்மா முதல்நாள் இரவு முழுக்கக் குசினியில் நின்று புளிச்சாதம் கட்டியிருப்பார், வழியெல்லாம் எல்லாருக்கும் பரிமாறியிருப்பார், றம்பொடை வளைவுகளில் வாந்தி எடுத்த பிள்ளைகளுக்கு முதுகு தடவியிருப்பார், வந்த பிறகு பாத்திரமும் அவரே கழுவுவார். இதை அவருக்கு ஒரு சுற்றுலா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கீழே சொல்லப்போவது வேறு மாதிரிப் பயணம். அம்மாவும் மகளும் மட்டும், ரயிலில் போய், இரண்டு இரவு தங்கி, ஒரு நாளைக்கு ஓரிரு இடம் மட்டும் பார்த்துவிட்டு வருவது. அந்த மூன்று நாளும் அம்மா எதற்கும் பொறுப்பாக இருக்கக்கூடாது. டிக்கெட் எங்கே, மணி என்ன, இரவுக்கு என்ன சாப்பாடு என்ற எந்தக் கவலையும் அவருடையதாக இருக்கக்கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கச் சொல்கிறேன்.

முதலில் வீட்டைச் சரிக்கட்டுங்கள்

அறை தேடுவதற்கும் டிக்கெட் போடுவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. அம்மாவிடம் நேரே போய் "நுவரெலியா போவோமா?" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று உங்களுக்கே தெரியும். "அப்பாவுக்கு ஆர் சோறு போடுறது?" என்பார். அதற்கு ஒரு வழி சொன்னால் "ஏன் பிள்ளை காசைக் கரியாக்கிறாய், உந்தக் குளிரைப் பார்க்கவோ?" என்று இன்னொன்று வரும். வாதாடிப் பிரயோசனமில்லை, அப்பாவிடம் முதலில் பேசுங்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கங்களில் வீட்டில் சமைத்து மதியச் சாப்பாட்டுப் பார்சல் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், மூன்று நாளுக்கு அப்படி ஒருவரிடம் சொல்லி வைக்கலாம். அப்பாவின் குளிசைகளை நாள்வாரியாகப் பிரித்து வைத்துவிட்டு, எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். சாமிக்குப் பூ வைப்பது, விளக்கேற்றுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது என்று சின்னச் சின்ன வேலைகளையும் யாராவது ஒருவர் பெயரில் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அம்மா ரயிலில் இருந்தபடியே அதை நினைத்துக்கொண்டிருப்பார். தேத்தண்ணி போடத் தெரியாத அப்பாக்கள் இந்த மூன்று நாளில் பழகிக்கொள்வார்கள், பயப்பட ஒன்றுமில்லை. "நீங்கள் ரெண்டுபேரும் போட்டு வாங்கோ" என்று அப்பா வாயாலேயே சொல்ல வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

திகதி வைக்கும்போது விரத நாட்களையும் பாருங்கள். கந்தசஷ்டி, நவராத்திரி, ஆடிச் செவ்வாய் என்று அம்மா கடைப்பிடிப்பது எதுவோ அதற்குள் போய்ச் சிக்காதீர்கள்.

எப்போது போவது

ஜனவரியிலிருந்து மார்ச் வரை மழை குறைவு, வானம் தெளிவு, எனக்குக் கேட்டால் அதுதான் நல்ல காலம். ஆனால் இரவுக் குளிர் அப்போதுதான் கடுமை. ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் துகள் உறைபனிகூடப் படிந்திருக்கும். ஏப்ரல் வசந்தகாலக் கொண்டாட்டம், மலர்க்கண்காட்சி, குதிரைப்பந்தயம் என்று ஊரே களைகட்டும். அதே ஏப்ரலில் அறை வாடகை எகிறிவிடும், வாவியைச் சுற்றி வாகனங்கள் ஊர்ந்து போகும், கொழும்பு முழுக்க அங்கே வந்து நிற்பது போல இருக்கும். அமைதிக்காகப் போகிறவர்கள் அந்த மாதத்தை விட்டுவிடலாம். மே கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அதிலும் ஜூன், ஜூலையில் காற்றும் தூறலும் விடாது.

ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியுடன் மழை வரும், மண்சரிவு ஆபத்தும் கூடும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படிகளில் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. நுவரெலியாவுக்கு எச்சரிக்கை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, நீங்கள் போகும் பாதை கேகாலை, கண்டி மாவட்டங்களுக்குள்ளாகத்தான் ஏறுகிறது, அவற்றையும் பாருங்கள். செம்மஞ்சளோ சிவப்போ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், கட்டிய முற்பணம் போனால் போகட்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. பெருமழைக்குப் பிறகு மலையகப் பாதையில் ரயில் சில இடங்களோடு நின்றுவிடுவதும் உண்டு, ஆகவே கிளம்பும் வாரத்தில் எதுவரை ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கிழமை நாட்களில் போங்கள். திங்கள் காலை ஏறி புதன் திரும்பினால் ஊர் உங்களுக்காகவே இருப்பது போலிருக்கும். போயா என்ற பௌர்ணமி விடுமுறையோடு ஒட்டிவரும் நீண்ட விடுமுறை வேண்டவே வேண்டாம்.

டிக்கெட்

கோட்டை நிலையத்திலிருந்து பதுளைக்கு ஓடும் ரயில்களில் பகல் பயணத்துக்கு ஏற்றவை பொடி மெனிக்கேயும் உடரட்ட மெனிக்கேயும். இரண்டும் காலையில் புறப்படும். நீங்கள் இறங்க வேண்டியது நானுஓயா. நுவரெலியா நகரத்துக்குள் ரயில் போகாது என்பது முதல்முறை போகும் பலருக்குத் தெரிவதில்லை. மலைப்பாதை 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டியது, அங்கிருந்து பதுளை போய்ச்சேர 1924 ஆகிவிட்டது. அந்த மலையை வெட்டிப் பாதை போடுவது எவ்வளவு கஷ்டம் என்பதை யன்னலோரம் இருந்து பார்த்தாலே விளங்கும்.

முன்பதிவு பயணத்துக்கு 30 நாட்களுக்கு முன் திறக்கும், திறந்த கையோடு முடிந்தும் விடும். இணையத்தில் முயற்சி செய்யுங்கள், சரிவராவிட்டால் நிலையத்துக் கரும்பீடத்தில் கேட்டுப்பாருங்கள். அடையாள அட்டை இலக்கம் கேட்பார்கள், ஆகவே பதிவு செய்யும்போதும் பயணத்தின்போதும் இருவருடைய அட்டையும் கையில் இருக்கட்டும். நிலைய வாசலில் நின்று கூடிய விலைக்கு டிக்கெட் நீட்டுபவர்களிடம் வாங்கிவிடாதீர்கள்.

எந்த வகுப்பு? காசு பிரச்சினை இல்லையென்றால் குளிரூட்டிய முதல் வகுப்பு என்று சிலர் சொல்வார்கள். நான் இரண்டாம் வகுப்பு முன்பதிவைத்தான் சொல்வேன். முதல் வகுப்பில் யன்னல் திறக்க முடியாது. ஹட்டன் தாண்டிய பிறகு முகத்தில் அடிக்கும் அந்தக் காற்றுக்காகத்தானே ரயிலில் போவதே! முன்பதிவில்லாத மூன்றாம் வகுப்பில் அம்மாவை ஏற்றவேண்டாம், ஆறேழு மணித்தியாலம் நின்றுகொண்டு போக நேரலாம்.

எந்தப் பக்கம் இருப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொழும்பிலிருந்து கடுகண்ணாவை வரை, ரயில் போகும் திசையைப் பார்த்து வலப்பக்கம். றம்புக்கணை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அந்தப் பக்கம்தான் பள்ளத்தாக்கும் பத்தலேகலை மலையும் தெரியும். பொடி மெனிக்கே கண்டிக்குள் போய்த் திசை மாறித் திரும்பும், அதன்பிறகு உங்கள் இருக்கை பின்னோக்கி ஓடும், பக்கமும் மாறும். பின்னோக்கிப் போனால் தலைசுற்றும் அம்மாக்கள் என்றால் உடரட்ட மெனிக்கேயில் போடுங்கள், அது கண்டிக்குள் போகாமல் பேராதனையிலேயே நானுஓயாப் பக்கம் திரும்பிவிடும்.

டிக்கெட் கிடைக்கவே இல்லையா? கண்டி வரை போகும் ரயில்கள் நிறைய இருக்கின்றன. கண்டிக்கு ரயிலில் போய், அங்கிருந்து ஒரு காரை வாடகைக்கு எடுத்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறலாம். வழியில் றம்பொடை நீர்வீழ்ச்சி, சின்மயா மிஷனின் ஆஞ்சநேயர் கோயில், லபுக்கலைத் தேயிலைத் தோட்டம் எல்லாம் வரும், ஆகவே இதை இரண்டாந்தரமான வழி என்று நான் நினைப்பதில்லை. புறக்கோட்டையிலிருந்து பஸ்ஸும் உண்டு, மலிவுதான், ஆனால் வளைவுகளில் அது போகும் வேகம் அம்மாவுக்கு ஒத்துவராது. எந்த வாகனமானாலும் மலைப்பகுதியைப் பகல் வெளிச்சத்தில் கடந்துவிடுங்கள், பின்னேரத்துக்குப் பிறகு பனிமூட்டம் இறங்கினால் முன்னால் போகும் லொறியின் பின்விளக்குக்கூடத் தெரியாது. கார் பயணத்துக்கு ஒரு தேசிக்காயும் இரண்டு பிளாஸ்டிக் பையும் கைப்பையில் இருக்கட்டும்.

அறை எடுப்பது

இதில்தான் கவனம் அதிகம் தேவை. படங்களில் எல்லா அறையும் அழகாகத்தான் இருக்கும். முற்பணம் அனுப்புவதற்கு முன் தொலைபேசி எடுத்து நேரடியாகக் கேட்கவேண்டியவை சில உண்டு. சுடுதண்ணீர் எந்த நேரமும் வருமா, அல்லது காலையில் இரண்டு மணித்தியாலம் மட்டுமா? அறை கீழ்த்தளத்தில் இருக்கிறதா? வாசலிலிருந்து அறைக்கு எத்தனை படி? நுவரெலியாவில் முக்கால்வாசி விடுதிகள் சரிவில் கட்டியவை, "நகரத்திலிருந்து ஐந்து நிமிடம்" என்பார்கள், அந்த ஐந்து நிமிடமும் செங்குத்தான ஏற்றமாக இருக்கும். குளியலறைத் தரை வழுக்குமா என்று கேட்டால் யாரும் ஆம் என்று சொல்லமாட்டார்கள், அதனால் அறையையும் குளியலறையையும் வாட்ஸ்அப்பில் ஒரு சின்ன வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒழுங்கான இடம் என்றால் உடனே அனுப்புவார்கள்.

ஹீட்டர் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். ஒரு கட்டிலுக்கு எத்தனை போர்வை என்பதையும் கேட்டு, மேலதிகமாக இரண்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். கொழும்பில் 30 பாகையில் வாழ்ந்து பழகிய உடம்புக்கு 10 பாகை என்பது சும்மா இல்லை. மின்கேத்தல் அறையிலேயே இருந்தால் பெரிய உதவி, அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கே எழும்பித் தேத்தண்ணி தேடுவார் அல்லவா. சைவச் சாப்பாடு என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், "சைவம்" என்று மட்டும் சொல்லாமல் முட்டை, மாசிக் கருவாடு எதுவும் வேண்டாம் என்று விளக்கமாகவே சொல்லுங்கள். சம்பலில் மாசி போடுவது அவர்களுக்குக் கணக்கிலேயே வராது.

அப்புறம் ஒரு சொந்த அபிப்பிராயம்: அறை வாடகையை அம்மாவிடம் சொல்லாதீர்கள். கேட்பார், பல தடவை கேட்பார். "ஒஃபிஸ் மூலம் மலிவாகக் கிடைத்தது" என்று சொல்லிவிட்டு விடயத்தை மாற்றுங்கள். சொன்னால் அந்தக் காசுக்கு வெள்ளவத்தையில் எத்தனை கிலோ மீன் வாங்கலாம் என்ற கணக்கு இரண்டு இரவும் அறைக்குள்ளேயே நடமாடும்.

பையில் என்ன

ஜாக்கெட்டைக் கொழும்பில் வாங்கவேண்டாம். நுவரெலியா பேல் பஜாரில், ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய குளிர் உடுப்புகள் குவிந்து கிடக்கும், விலையும் குறைவு. வந்திறங்கும் நேரத்துக்கு ஒரு ஸ்வெட்டரும் சால்வையும் போதும். காலுறையைக் கட்டாயம் கொண்டுபோங்கள், நாலைந்து சோடி. அம்மாக்கள் காலுறை போட்டால் செருப்புப் போட முடியாது என்பார்கள், அதனால் குதி மூடிய, அடி வழுக்காத ஒரு சப்பாத்தையும் முன்கூட்டியே வாங்கி, வீட்டில் ஒரு வாரம் போட்டு நடக்கவிடுங்கள். புதுச் சப்பாத்தோடு மலைக்குப் போனால் கொப்புளத்தோடுதான் திரும்புவார்.

பிரஷர், சீனி வருத்தம், முட்டு என்று எதற்கு மருந்து எடுத்தாலும் மூன்று நாளுக்குப் பதிலாக ஆறு நாளுக்குரிய குளிசைகளை எடுத்து, அதைக் கைப்பையில் வையுங்கள், பெரிய பைக்குள் போடாதீர்கள். மருந்துச் சீட்டைப் படம் பிடித்துத் தொலைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரத்தால் வரும் நோய் என்று பயப்படுமளவுக்கு அது இல்லை, ஆனால் படி ஏறும்போது வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்கும், குளிருக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். சித்தாலேபத் தைலமும் சமஹன் மூலிகைப் பானப் பக்கெட்டும் எடுத்துவைக்கச் சொல்லவே தேவையில்லை, அவை அம்மாவின் பையில் ஏற்கெனவே இருக்கும். அவசரம் என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ், அதற்குக் காசு இல்லை.

சாப்பாடு கட்டும் விடயத்தில் ஒரு சமரசத்துக்கு வாருங்கள். "ஒன்றும் கட்டவேண்டாம்" என்றால் நடக்காது. ரயிலில் காலைச் சாப்பாட்டுக்கு மட்டும் இடியப்பமும் சம்பலும், அல்லது பாணும் முட்டையும், அவ்வளவுதான் என்று முதலே பேசி வையுங்கள். மிச்சத்துக்கு ரயிலுக்குள்ளேயே கூடையோடு வருவார்கள், சுடச்சுட வடை, கச்சான், மாங்காய்.

ரயிலில்

கோட்டைக்கு அரை மணித்தியாலம் முன்பே போய்விடுங்கள். படி ஏறி இறங்கித்தான் மேடைக்குப் போகவேண்டியிருக்கும், பை தூக்க ஆள் பிடித்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு யன்னல் இருக்கை. கழிவறையைப் பற்றி எதிர்பார்ப்பு வைக்காதீர்கள், புறப்பட்டு முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் போய்வந்தால் ஓரளவு சுத்தமாக இருக்கும், தண்ணீர்ப் போத்தலும் டிஷ்யுவும் கையோடு வேண்டும்.

கடுகண்ணாவைக்குப் பிறகு நாவலப்பிட்டி தாண்டும்வரை பெரிதாக ஒன்றும் தெரியாது, அம்மா கொஞ்சம் தூங்கட்டும். வட்டவளையிலிருந்து தேயிலை தொடங்கும். ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவில் சிங்கமலைச் சுரங்கம் வரும், அரைக் கிலோமீற்றருக்குச் சற்று அதிகம், பெட்டியில் விளக்கில்லாவிட்டால் முழு இருட்டு. அதற்குள் நுழைந்ததும் இளம் பிள்ளைகள் எல்லாரும் கூச்சல் போடுவார்கள், முன்கூட்டியே சொல்லி வைத்தால் அம்மா திடுக்கிடமாட்டார். தலவாக்கலைக்குப் பிறகு வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், றதல்ல என்று நிலையங்கள் வரிசையாக வரும். அந்தப் பகுதியில் தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு வெளியே பாருங்கள். கதவில் தொங்கிப் படம் எடுக்கும் வேலை மட்டும் வேண்டாம், பாறையும் சுரங்க வாயும் எந்த வளைவில் வரும் என்று யாருக்கும் தெரியாது.

நானுஓயாவில் பெட்டிக்கும் மேடைக்கும் இடையில் இடைவெளி உண்டு, நீங்கள் முதலில் இறங்கிக் கை கொடுங்கள். வாசலில் வான்காரர்களும் ஆட்டோக்காரர்களும் சூழ்ந்துகொள்வார்கள். நகரம் எட்டு ஒன்பது கிலோமீற்றர்தான், விலையைப் பேசிமுடித்துவிட்டு ஏறுங்கள். விடுதிக்காரரிடமே வாகனம் அனுப்பச் சொல்லிவிட்டால் இந்தப் பேரமும் இல்லை. நல்ல ஆட்டோக்காரர் ஒருவர் அமைந்துவிட்டால் அவருடைய இலக்கத்தை வாங்கிக்கொண்டு மற்ற இரண்டு நாளும் அவரையே அழையுங்கள். பெரும்பாலானவர்கள் தமிழ் பேசுவார்கள், அதில் அம்மாவுக்கு ஒரு தைரியம்.

வந்திறங்கிய நாள்

ஒன்றும் செய்யாதீர்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன். சாப்பிட்டு, சுடுதண்ணீரில் கால் கழுவி, ஒரு மணித்தியாலம் படுத்து எழும்பிய பிறகு பேல் பஜார் மட்டும் போய் ஜாக்கெட் வாங்குங்கள்.

அதுவே ஒரு நிகழ்ச்சிதான். என் அம்மா ஒரு ஜாக்கெட்டை எடுத்து முதலில் உட்புறத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தார், பிறகு கைமூட்டில் இரண்டு விரலால் துணியைத் தேய்த்தார், சிப்பை மூன்று தடவை மேலும் கீழும் இழுத்தார், பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடந்தார். கடைக்காரர் பின்னாலேயே வந்து விலையைக் குறைத்தார். குறுக்கே போய் "பரவாயில்லை அம்மா, எடுப்போம்" என்று கெடுத்துவிடாதீர்கள்.

இரண்டாம் நாள்

காலையில் சீத்தாஎலிய சீதையம்மன் கோயில். பதுளை வீதியில் ஐந்து கிலோமீற்றர் தூரம். சீதையைச் சிறைவைத்த அசோகவனம் இதுதான் என்பது ஐதீகம். கோயிலின் பின்னால் ஓடும் ஆற்றில், பாறையிலுள்ள குழிகளை அனுமனின் பாதச்சுவடு என்று காட்டுவார்கள். 2024 மே மாதம் கும்பாபிஷேகம் நடந்தது, அதற்கு அயோத்தியிலிருந்து சரயு நதித் தீர்த்தம் வந்தது. ஆற்றங்கரைக் கல் ஈரமாக இருக்கும், அம்மா கீழே இறங்க ஆசைப்பட்டால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலுறையைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் கால் வைக்கும்போது ஐஸில் வைப்பது போலிருக்கும், ஆகவே வெயில் ஏறி ஒன்பது மணிக்குப் பிறகு போவது நல்லது.

அதே வழியில் இன்னும் கொஞ்சத் தூரம் போனால் ஹக்கலைத் தாவரவியல் பூங்கா. 1861இல் சிங்கோனா பயிரிட்டுப் பார்ப்பதற்காகத் தொடங்கிய இடம் அது, மலேரியாவுக்கான குயினைன் அந்த மரத்தின் பட்டையிலிருந்துதான் எடுப்பார்கள். இப்போது ரோஜாத் தோட்டமும் பன்னங்களும்தான் எல்லாரையும் இழுக்கின்றன. பூங்கா சரிவாக ஏறிப்போகும், முழுவதையும் சுற்றவேண்டிய கட்டாயம் இல்லை. கீழ்ப்பகுதியில் ஒரு வாங்கிலில் அம்மாவை இருத்திவிட்டு நீங்கள் மட்டும் மேலே போய்வரலாம், வரும்போது அவர் பக்கத்தில் இருந்த யாரோ ஒருவரின் குடும்பக்கதை முழுவதையும் கேட்டு முடித்திருப்பார்.

மதியம் நகரத்துக்குத் திரும்பி, பஜார் தெருவில் சைவக்கடை ஒன்றில் சாப்பிட்டு, இரண்டு மணித்தியாலம் ஓய்வு. பின்னேரம் ஒன்றே ஒன்று. என் தெரிவு கிராண்ட் ஹோட்டலில் பின்னேரத் தேநீர். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸின் மலைவாச இல்லமாக இருந்து பிறகு ஹோட்டலாக மாறிய கட்டடம் அது. அடுக்குத் தட்டில் சின்னச் சின்ன சான்ட்விச்சும் கேக்கும் வரும், முதலே அழைத்து மேசை பதியலாம். அம்மாவை நல்ல சேலை ஒன்று கட்டி வரச் சொல்லுங்கள். "உந்தப் பாண் துண்டுக்கோ இவ்வளவு காசு?" என்ற கேள்வி வரும், அதற்கும் ஒஃபிஸ் கதைதான் மருந்து.

கிரகரி வாவி? 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில் உருவாக்கியது. கரையோரம் நடப்பதற்கு நன்றாக இருக்கும். படகுச் சவாரி எல்லாம் வார இறுதியில் சந்தை மாதிரி, கிழமை நாளில் சரி. விக்டோரியா பூங்கா நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது, பறவை பார்க்கும் ஆர்வம் இருந்தால் குளிர்காலக் காலைகளில் வலசை வரும் பறவைகளைத் தேடி ஒரு மணித்தியாலம் கழிக்கலாம். லேடி மக்கலம் டிரைவில் காயத்ரி பீடம் இருக்கிறது, பெரும்பாலான அம்மாக்கள் அதன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள், கேட்டுப்பாருங்கள்.

தேயிலைத் தோட்டம் பார்க்க ஆசை என்றால் நகரத்துக்குப் பக்கத்தில் பீட்ரூ தோட்டத்துத் தொழிற்சாலை உண்டு. கொழுந்தை வாட்டுவது, அரைப்பது, வறுப்பது எல்லாம் சுற்றிக்காட்டுவார்கள், உள்ளே மரப்படிகள் கொஞ்சம் செங்குத்து. இங்கே ஒரு விடயம் சொல்லியாகவேண்டும். கொழுந்து பறிக்கும் பெண்களைத் தூரத்திலிருந்து படம் எடுத்துவிட்டு வண்டியில் ஏறிப்போவது கொழும்புக்காரர்களின் கெட்ட பழக்கம். அவர்கள் நம்முடைய மொழி பேசும் மனிதர்கள், வேலை செய்துகொண்டிருப்பவர்கள். கேட்டுவிட்டு எடுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். என் அம்மா கமராவையே மறந்துவிட்டு வரம்போரம் நின்று பேச்சுக்கொடுத்தார். அந்த அக்கா பறித்ததைக் கையில் வைத்துக் காட்டினார், "ரெண்டு இலை, ஒரு மொட்டு, அதுக்குக் கீழே உடைச்சா கங்காணி ஏசுவாரு." அவருடைய விரல் நுனிகள் தேயிலைச் சாயத்தில் கறுத்து, வெடித்திருந்தன. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ எடுக்கவேண்டும், மழை நாளில் என்ன செய்வது, அட்டைக்கு என்ன பூசுவது என்று அம்மா விசாரித்துக்கொண்டே போனார், நான் ஆட்டோக்காரருக்குச் சைகை காட்டிக் காத்திருக்கச் சொன்னேன்.

ஹோர்ட்டன் சமவெளி போகலாமா?

எல்லாரும் கேட்பது இது. உலக முடிவு என்ற அந்தப் பள்ளத்தாக்கு விளிம்பைப் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலை ஐந்து மணிக்கு முன்பே அறையிலிருந்து கிளம்பவேண்டும், ஒன்பது பத்து மணிக்குள் மேகம் மூடிவிடும். சுற்றுப்பாதை கிட்டத்தட்ட ஒன்பது கிலோமீற்றர், கல்லும் சேறும் ஏற்ற இறக்கமும். காலையில் காலிமுகத்திடலில் வேகநடை போகும் அம்மா என்றால் தாராளமாகப் போகலாம், மூன்று நான்கு மணித்தியாலம் ஒதுக்குங்கள். பிளாஸ்டிக் பை, உறைகளை வாசலிலேயே சோதித்து எடுத்துவிடுவார்கள், சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோங்கள். முழங்கால் வலி உள்ளவர் என்றால் வற்புறுத்தாதீர்கள். அதற்குப் பதில் அம்பேவலைப் பால்பண்ணைப் பக்கம் காரில் போய்வரலாம், புல்வெளியும் மாடுகளும் நடக்காமலே பார்க்கக் கிடைக்கும். ஆனால் ஹோர்ட்டன் சமவெளியையும் கோயிலையும் பூங்காவையும் தேநீரையும் ஒரே நாளில் திணித்தால் பழையபடி வான் பயணம்தான்.

திரும்பும் நாள்

மரக்கறி. இதைத் தடுக்க முடியாது, ஒழுங்குபடுத்தத்தான் முடியும். முதல் இரண்டு நாளும் வீதியோரத்தில் இலையோடு கட்டிவைத்த கரட்டையும் லீக்ஸையும் பார்த்துப் பார்த்து அம்மா கைகள் துடிக்கும், "போகிற நாள் வாங்குவோம்" என்று உறுதிமொழி கொடுத்து இழுத்துக்கொண்டு போங்கள். கொழும்பிலிருந்து வரும்போதே ஒரு பெரிய பன் பையை மடித்து எடுத்து வாருங்கள். இவ்வளவுதான் என்று எடையை முதலே பேசுங்கள், ஏனென்றால் தூக்கப்போவது நீங்கள். நோக்கோல், பீட்ரூட், கரட் பயணத்தைத் தாங்கும். ஸ்ட்ரோபெரி தாங்காது, அதை அங்கேயே சாப்பிட்டு முடியுங்கள். லீக்ஸைக் கடதாசியில் சுற்றிப் பையை இறுகக் கட்டாவிட்டால் பெட்டி முழுக்க மணக்கும்.

ரயிலில் திரும்புவதென்றால் அதற்கும் முன்பதிவு அதே 30 நாள் கணக்குத்தான், போகும் டிக்கெட்டோடு சேர்த்தே போட்டுவிடுங்கள். இறங்குமுகப் பயணம் பெரும்பாலும் பிந்தும், கோட்டை வந்துசேர இருட்டிவிடும். அடுத்தநாள் காலை வேலைக்குப் போகும் திட்டம் வேண்டாம், அரைநாளாவது லீவு போடுங்கள். அன்றிரவுச் சாப்பாட்டை அப்பாவை வாங்கி வைக்கச் சொல்லி, நாவலப்பிட்டி வந்ததும் தொலைபேசியில் நினைவூட்டுங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா பையைக்கூடத் திறக்காமல் அரிசி கழுவப் போய்விடுவார். லீக்ஸை மட்டும் அன்றிரவே பிரித்து, பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிடுங்கள், விடிந்தால் வாடிவிடும்.